அப்பாவோட இதய நோய் பென்ஷன் கேஸ்... வாபஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல, ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆன உங்க அப்பா, "போதும்பா, கேஸை வாபஸ் வாங்கிடலாம்"னு சொல்றார்னு வெச்சுக்கோங்க. சர்வீஸ்லயே இதய நோய் வந்துச்சு. மெடிக்கல் போர்டு 30% பாதிப்புன்னு எழுதிட்டு, 'பணியால் வந்ததல்ல'ன்னு முடிச்சிடுச்சு. டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது. மேல்முறையீடும் தள்ளுபடியாகி, இப்போ சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துல வழக்கு நிக்குது.

முதல்ல காசு கணக்கு. 100% பாதிப்புக்கு, கணக்கில் எடுக்கும் கடைசிச் சம்பளத்துல 30% கிடைக்கும். சம்பளம் 50,000 ரூபாய்னா, 30% பாதிப்புக்கு மாசம் 4,500. ராம் அவதார் வழக்குல 2014-ல உச்ச நீதிமன்றம் சொன்னபடி 50% ஆக உயர்த்திக் கணக்கிட்டா 7,500. ஆயுசுக்கும் வர்ற தொகை இது.

'ஜெயிக்கவா போறோம்'னு நினைக்காதீங்க. பணியில் சேரும்போது நோய் இருந்ததா பதிவு இல்லைன்னா, அது பணியால வந்ததாவே கருதணும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அரசு தரப்புதான். தரம்வீர் சிங் வழக்குல 2013-ல வந்த தீர்ப்பு இது. இதய நோய்னா இன்னொரு விஷயம்: மாரடைப்புக்கு முந்தைய 14 நாள் அவர் என்ன டியூட்டி பார்த்தார்ங்கிற பதிவை மெடிக்கல் போர்டு பார்க்கணும். அந்தப் பேப்பர் ஃபைல்ல இருக்கான்னு வக்கீல்கிட்ட கேளுங்க. நிறைய பேர் இதைக் கேட்கறதே இல்லை.

சரி, வாபஸ் வாங்கினா என்ன ஆகும்? எல்லாமே உத்தரவுல இருக்கிற ஒரு வரியைப் பொறுத்தது. 'மீண்டும் வழக்குத் தொடர அனுமதியுடன்'னு இருந்தா கதவு திறந்திருக்கு. வெறுமனே 'வாபஸ் பெறப்பட்டது'ன்னு இருந்தா, அதே கோரிக்கையோட திரும்பப் போறது சிக்கல். அனுமதி வாங்காம ரிட் மனுவை வாபஸ் வாங்கினவர் மறுபடி அதையே போட முடியாதுன்னு, 1986-லயே சர்குஜா டிரான்ஸ்போர்ட் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் எடுத்துப் போடுவார்.

அனுமதி இருந்தாலும் நஷ்டம் உண்டு. பென்ஷன் வழக்குல தாமதமா வந்தா, மனு போட்ட தேதிக்கு முந்தைய 3 வருஷ பாக்கிதான் பொதுவா கிடைக்கும் (தர்சேம் சிங் வழக்கு, 2008). புதுசா மனு போட்டா அந்தத் தேதியும் தள்ளிப் போகுமே!

அரசே பென்ஷன் தர ஒத்துக்கிட்டா தாராளமா வாபஸ் வாங்கலாம். ஆனா வாய்வார்த்தையை நம்பாதீங்க. ஆணை கைக்கு வரட்டும்; சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, பாக்கித்தொகை மூணும் அதுல இருக்கான்னு பாருங்க. அலைச்சல்தான் பிரச்னைன்னா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் அப்பா பஸ் ஏற வேண்டியதில்லை, வக்கீல் ஆஜரானாலே போதும்.