ஒரே உறையில் இரண்டு கத்திகள்!

ஓர் உறையில் இரண்டு கத்திகள் இருக்க முடியாது என்பது நம் பெரியவர்கள் வாக்கு. ஸ்விட்சர்லாந்து சர்க்கார் இந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டதில்லை போலும். ஏறக்குறைய நூறு வருஷ காலம் அந்த நாட்டு ராணுவம் தன் சிப்பாய்களுக்கு வேண்டிய மடக்குக் கத்திகளில் பாதியை ஒரு கம்பெனியிடமும், மறு பாதியை அதன் ஜன்மப் போட்டியாளரான இன்னொரு கம்பெனியிடமும் வாங்கி வந்தது. ஒன்று விக்டோரினாக்ஸ், மற்றொன்று வெங்கர். இந்த இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று வீழ்த்தப் பார்த்த கதையைவிட, வீழ்த்த முடியாமல் கூடவே வாழ்ந்த கதைதான் சுவையானது.

வெளிநாடு போய்த் திரும்பிய உறவினர் வீட்டிலாவது வாசகர்கள் அந்தக் கத்தியைப் பார்த்திருக்கலாம். சிவப்புக் கைப்பிடி, அதில் சின்னஞ்சிறு வெள்ளைச் சிலுவை. மடித்தால் விரல் நீளந்தான் இருக்கும். விரித்தாலோ பேனாக்கத்தி, கத்தரிக்கோல், திருப்புளி, டப்பா திறக்கும் அலகு, ரம்பம், பல் குத்தும் குச்சி என்று ஒரு சிறு பட்டறையே வெளியே வரும்.

ஜெர்மன் கத்தி வேண்டாம்!

ஸ்விட்சர்லாந்து என்றால் இன்று நமக்குச் செல்வம் கொழிக்கும் நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் மலைப் பிரதேசங்களில் அப்படியில்லை. ஷ்வீஸ் என்ற பகுதியில் பிழைப்புக்கு வழியில்லாமல் இளைஞர்கள் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே இபாக் என்ற சிற்றூரில் கார்ல் எல்சனர் என்பவர் 1884-ல் ஒரு கத்திப் பட்டறை வைத்தார். தொப்பி செய்பவரின் மகன். வெளியூர்களில் தொழில் கற்றுத் திரும்பியவர். ஓடைத் தண்ணீரின் வேகத்தில் சக்கரம் சுழலும்; அந்தச் சக்கரம் சாணைக்கல்லைச் சுழற்றும். சமையல் கத்தி, சவரக் கத்தி, சிகிச்சைக் கத்தி என்று பட்டறையில் வேலை நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயம் ஸ்விஸ் ராணுவம் ஒரு முடிவு செய்தது. ஒவ்வொரு சிப்பாயும் ஒரு மடக்குக் கத்தி வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்த துப்பாக்கியைப் பிரித்துச் சுத்தம் செய்யத் திருப்புளி தேவைப்பட்டது. தகர டப்பாவில் வரும் உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். ஆகவே அலகு, குத்தூசி, டப்பா திறக்கும் கருவி, திருப்புளி ஆகிய நான்கும் சேர்ந்த கத்திக்கு உத்தரவு போட்டார்கள். ஆனால் அத்தனை கத்திகளைச் செய்து கொடுக்கும் வசதி உள்நாட்டில் எவரிடமும் இல்லை. ஆர்டர் ஜெர்மனியில் உள்ள ஸோலிங்கன் நகரத்துக்குப் போயிற்று. முதல் 15,000 கத்திகள் அங்கிருந்து வந்தன.

ஸோலிங்கன் லேசான ஊரல்ல. மத்திய காலத்திலிருந்து வாள் அடித்துப் பேர் வாங்கிய ஊர். வாளுக்கு மவுசு போனபின் கத்தியும் கத்தரிக்கோலும் செய்து உலகத்துக்கே விற்றது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்துக்கும் அதற்கும் நடந்த வியாபாரப் போட்டி தனிப் புராணம். அதை இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம்.

நம் சிப்பாயின் பையில் அந்நிய நாட்டுக் கத்தியா என்று எல்சனர் கொதித்தார். ஊர் ஊராக உள்ள ஸ்விஸ் கத்தித் தொழிலாளர்களைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். எல்லோருமாகக் கூடிச் செய்தால் ராணுவத்தின் தேவையை ஈடுகட்டலாம். ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கும் என்பது அவர் கணக்கு. 1891-ல் அவருடைய முதல் கத்திகள் ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

கணக்கு பிசகியது எங்கே என்றால், விலையில். பெரிய யந்திரங்களும், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யும் பழக்கமும் உள்ள ஸோலிங்கன்காரர்கள் அதே கத்தியை மலிவாகக் கொடுத்தார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்கள் நஷ்டம் தாங்காமல் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்சனர் மட்டும் விடவில்லை. கைப்பொருள் எல்லாம் கரைந்து, கடன் கழுத்தை நெரித்தது. உறவினர்கள் கை கொடுத்திராவிட்டால் பட்டறையை மூடியிருக்க வேண்டியதுதான். தேசாபிமானம் நல்ல சரக்கு; ஆனால் அதை வைத்துக் கடன்காரனுக்கு வட்டி கட்ட முடியாதல்லவா?

அதிகாரிகளுக்கு ஒரு திருகு

அவரைத் தூக்கி நிறுத்தியது ராணுவ ஆர்டர் அல்ல, ராணுவம் கேட்காத ஒரு கத்தி. சிப்பாயின் கத்தி கனமானது. அதைவிட மெலிதாக, நேர்த்தியாக ஒன்றை எல்சனர் யோசித்தார். ஒரே வில்லானது முதுகுப் பக்கத்துக் கருவியையும் வயிற்றுப் பக்கத்துக் கருவியையும் தாங்கும்படி அமைத்தார். இரண்டே வில்களில் ஆறு கருவிகள் அடங்கின. புதிதாகச் சேர்ந்தவை ஒரு சின்ன அலகும், மதுப் புட்டியின் தக்கையைப் பிடுங்கும் திருகும். 1897 ஜூன் 12-ஆம் தேதி 'அதிகாரிகள் கத்தி' என்ற பெயரில் பதிவு செய்தார்.

இதை ராணுவம் வாங்கி வழங்கவே இல்லை. தக்கைத் திருகு யுத்தத்துக்கு அவசியமானதன்று என்று மேலிடத்தில் கருதியிருக்கலாம். அதிகாரிகளோ கடையில் சொந்தப் பணம் கொடுத்து வாங்கினார்கள். அவர்களைப் பார்த்துச் சாதாரண ஜனங்களும் வாங்கினார்கள். உலகம் 'ஸ்விஸ் ராணுவக் கத்தி' என்று கொண்டாடுவது, உண்மையில் ராணுவம் கொடுக்காத இந்தக் கத்தியின் வம்சத்தைத்தான்!

பாதிக்குப் பாதி

இதற்குள் இன்னொரு போட்டியாளர் முளைத்துவிட்டார். இம்முறை அயல்நாட்டிலிருந்து அல்ல. ஸ்விட்சர்லாந்தின் மேற்கே ஜூரா மலைப் பகுதியில், பிரெஞ்சு பேசும் ஜனங்களிடையே, ஒரு கத்திக் கம்பெனி 1893-ல் ராணுவ ஆர்டர் பெற்றது. பின்னர் தியோடார் வெங்கர் என்பவர் அதன் நிர்வாகத்துக்கு வந்தார். டெலமான் நகரத்தில் தொழிற்சாலை வளர்ந்து, அவர் பெயரே கம்பெனிக்கும் நிலைத்தது.

எல்சனர் இருந்த ஷ்வீஸ் ஜெர்மன் மொழி பேசும் பகுதி. வெங்கர் பிரெஞ்சு பேசும் ஜூராவில். ஒருவருக்கு ஆர்டர் கொடுத்தால் மற்ற மொழிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பல மொழிகள் வழங்கும் தேசத்தில் வாழும் நமக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. ஜூராக்காரர்களுக்கு வேறொரு மனத்தாங்கலும் இருந்தது. அவர்கள் அப்போது ஜெர்மன் பேசும் பெர்ன் மாநிலத்துடன் இணைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கென்று தனி மாநிலம் 1979-ல்தான் கிடைத்தது.

1908-ல் சர்க்கார் பஞ்சாயத்துச் செய்து வைத்தது. கத்தி ஆர்டரில் சரி பாதி எல்சனருக்கு, சரி பாதி வெங்கருக்கு. எவர் மீதும் பாரபட்சம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இரண்டு பேர் இருப்பதால் ஒருவர் இஷ்டப்படி விலையை ஏற்றவும் முடியாது.

பங்காளிச் சண்டையை முடிக்க நிலத்தில் வரப்புப் போடுவார்களே, அது போன்ற ஏற்பாடு. வரப்புப் போட்டால் சண்டை முடிந்துவிடுமா? ராணுவ நிலத்தில் இனி ஒருவர் மற்றவரைத் தள்ள முடியாது என்று ஆனதும், போட்டி கடைவீதிக்கு வந்தது.

அசல் எது? அசலுக்கு அசல் எது?

1909-ல் எல்சனரின் தாயார் விக்டோரியா காலமானார். மகன் கத்திக்குத் தாயின் பெயரையே சூட்டினார். அவ்வருஷமே கேடயத்துக்குள் வெள்ளைச் சிலுவை என்ற முத்திரையும் வந்தது. 1921-ல் துருப்பிடிக்காத எஃகு உபயோகத்துக்கு வந்தபோது, அந்த எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்ற பிரெஞ்சுச் சொல்லைத் தாயின் பெயரோடு ஒட்டினார்கள். விக்டோரினாக்ஸ் பிறந்தது. உறவினர் உதவியால் பிழைத்த கம்பெனி, தாய்ப் பெயரும் எஃகுப் பெயரும் கலந்து உலகம் சுற்றப் புறப்பட்டது!

வெங்கரும் சளைக்கவில்லை. அவர்களும் வெள்ளைச் சிலுவை போட்டார்கள். ஆனால் கேடயத்துக்குப் பதில் மூலை மழுங்கிய சதுரம். விக்டோரினாக்ஸின் நிலையான அளவு 91 மில்லிமீட்டர், வெங்கரோ 85. வெங்கரின் கத்தரிக்கோலில் பல் பல்லாக இருக்கும். அடுத்தவர் கத்தரிக்கோல் வழவழப்பு. தூரத்தில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கையில் எடுத்துப் பார்க்கும் ரசிகர்களோ, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எந்த ஊருடையது என்று வாதாடும் பெரியவர்களைப்போல, இதில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தக் கத்திகளை ஏராளமாக வாங்கிப் போனார்கள். ஜெர்மன் மொழியில் 'ஷ்வைட்ஸர் ஆபிட்ஸியர்ஸ்மெஸ்ஸர்' என்ற பெயர் அவர்கள் நாக்கில் புரளவில்லை. 'ஸ்விஸ் ஆர்மி நைப்' என்று சுருக்கிவிட்டார்கள். அந்தப் பெயரே சொத்தாயிற்று. சொத்து என்றால் பங்குச் சண்டை வராதா? ஒரு கனவான் ஒப்பந்தம் ஏற்பட்டது. விக்டோரினாக்ஸ் 'ஒரிஜினல்' ஸ்விஸ் ராணுவக் கத்தி என்று போட்டுக்கொள்ளும். வெங்கர் 'ஜெனியூன்' என்று போட்டுக்கொள்ளும். தமிழில் சொல்லப்போனால் இரண்டும் அசல்தான். 'இதுவே ஆதிக் கடை' என்று ஒரு பலகையும், 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று பக்கத்திலேயே இன்னொரு பலகையும் தொங்கும் நம் கடைத்தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இருவரும் சேர்ந்து முகம் சுளித்தது மூன்றாமவரைக் கண்டுதான். சீனாவில் செய்த மலிவான மடக்குக் கத்தி ஒன்று அமெரிக்காவில் அதே பெயரைப் போட்டுக்கொண்டு விற்பனைக்கு வந்தது. விக்டோரினாக்ஸை அமெரிக்காவில் விற்று வந்த கம்பெனி வழக்குப் போட்டது. அந்தப் பெயரைச் சொன்னாலே ஸ்விட்சர்லாந்தில் செய்தது என்று அர்த்தமாகிவிடாது என்று 1994-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. பிறகு 1997-ல், வாங்குகிறவர் ஏமாறாதபடி சரக்கு யாருடையது என்று தெளிவாகக் காட்டியாக வேண்டும் என்ற அளவுக்கு நியாயம் கிடைத்தது.

விமான நிலையத்தில் விழுந்த அடி

தொண்ணூற்று மூன்று வருஷங்கள் இந்தப் பாதிப் பங்கு ஏற்பாடு தள்ளாடாமல் நடந்தது. அதை முறித்தது விக்டோரினாக்ஸும் அல்ல, வெங்கரும் அல்ல, சீனக் கத்தியும் அல்ல. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தி மோதிய பயங்கரத்துக்குப் பின், விமானத்தில் கத்தி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. விமான நிலையக் கடைகளில்தான் இந்தக் கத்திகள் பரிசுப் பொருளாக வெகுவாக விற்றுவந்தன. கடை அலமாரிகளிலிருந்து அவை மறைந்தன. பிரயாணிகள் பையில் இருந்தவையோ சோதனை மேஜையில் குவிந்தன. விக்டோரினாக்ஸின் மடக்குக் கத்தி வியாபாரம் ஒரேயடியாக 30 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது.

இங்கே அந்தக் கம்பெனி நடந்துகொண்ட விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. ஆள் குறைப்புச் செய்யவில்லை. புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். விடுமுறையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அக்கம்பக்கத்துக் கம்பெனிகளுக்குத் தங்கள் தொழிலாளரைச் சில காலம் இரவல் கொடுத்தார்கள்! வேலையாளை இரவல் கொடுத்து மீண்டும் அழைத்துக்கொண்டதை வேறெங்கும் நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. கம்பெனியின் 90 சதவீதம் 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்திய ஓர் அறநிலையத்தின் கையில் இருந்ததும், லாபப் பங்கு எங்கே என்று மிரட்டும் பங்குதாரர்கள் இல்லாததும் இதற்குத் துணை செய்தன.

வெங்கருக்கு அந்தத் தெம்பு இல்லை. கடனில் தத்தளித்தது. வெளிநாட்டார் எவராவது வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்ற அபாயமும் வந்தது. 2005 ஏப்ரலில் விக்டோரினாக்ஸ் தன் பழம் பகையாளியை விலைக்கு வாங்கியது. அடைத்து மூடுவதற்காக அல்ல. வெங்கர் பெயரிலேயே, டெலமானிலேயே, வேலை தொடர்ந்து நடந்தது. 87 கருவிகளும் 141 உபயோகங்களும் கொண்ட ஒரு பூதாகாரக் கத்தியை வெங்கர் செய்து கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்ததும் இதற்குப் பிறகுதான். எடை சுமார் 1.3 கிலோ. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்க நினைப்பவர் தையற்காரரைக் கலந்து ஆலோசிப்பது நல்லது.

உள்நாட்டில் போட்டி தீர்ந்தது என்று மூச்சுவிடுவதற்குள் 2007-ல் புதிய சோதனை. சிப்பாய்களுக்குப் புது மாதிரிக் கத்தி வாங்க ராணுவம் டெண்டர் கோரியது. உலக வர்த்தக விதிகளின்படி எந்த நாட்டுக்காரரும் விலை சொல்லலாம். ஸ்விஸ் ராணுவக் கத்தியில் சீன முத்திரையா என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. கையெழுத்து வேட்டையும் நடந்தது. நூறு வருஷத்துக்கு முன் எல்சனர் ஸோலிங்கனைப் பார்த்துக் கொதித்த அதே கொதிப்பு. இம்முறை அவர் வம்சத்தாரின் கம்பெனியே 75,000 கத்திகளுக்கான ஆர்டரை வென்றது. ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் அலகு, மர ரம்பம் எல்லாம் உள்ள கத்தி. 2009 முதல் சிப்பாய்களுக்குக் கிடைத்தது. தக்கைத் திருகு மட்டும் இப்போதும் இல்லை.

வெங்கர் பெயர் கத்தியிலிருந்து இறங்கியது 2013-ல். அவ்வருஷம் ஜனவரியில், இனிமேல் கத்தி எல்லாம் விக்டோரினாக்ஸ் பெயரில் வரும், வெங்கர் பெயர் கைக்கடிகாரத்துக்கும் பயணப் பெட்டிக்கும் என்று அறிவித்தார்கள். டெலமான் தொழிலாளர்களுக்கு வேலை உண்டு என்றும் உறுதி சொன்னார்கள். மூலை மழுங்கிய சதுரத்துக்குள் சிலுவை போட்ட பழைய கத்திகளைச் சேகரிப்போர் தேட ஆரம்பித்தார்கள். அதே வருஷம் மார்ச்சில், ஆறு சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கத்திகளை விமானத்தில் அனுமதிக்கலாம் என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னதும் இபாக்கில் ஒரு சந்தோஷம் பிறந்திருக்கும். ஜூனில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

விக்டோரினாக்ஸ் 2017-ல் தன் ஐம்பதாவது கோடிக் கத்தியைச் செய்து முடித்தது. கத்தி வைத்திருப்பதற்கே பல நாடுகளில் சட்டம் கடுமையாகி வருவதால், அலகே இல்லாத மடக்குக் கருவி ஒன்றை யோசித்து வருவதாக 2024-ல் அதன் தலைவர் தெரிவித்தார். 1891-ல் எல்சனர் சிப்பாய்க்குச் செய்து கொடுத்ததில் இருந்தவை நான்கு. அலகை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குத்தூசி, டப்பா திறக்கும் கருவி, திருப்புளி.