ஒரு காசில் இரு மன்னர்

களனியை அடுத்த பேலியகொடையில் 1875ஆம் ஆண்டு ஒரு பிரிவெனாவாகத் தோன்றிய வித்தியாலங்காரம் 1959இற் பல்கலைக்கழகமாயிற்று. 1978 முதல் களனிப் பல்கலைக்கழகம் என வழங்குகிறது. பாளிக்கும் பௌத்தத்துக்கும் பேர்போன அவ்விடத்திற் பட்டம் பெற்ற ஒருவர், இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னர்களின் காசுகளை ஆராய்வோர் இன்று கைக்கொள்ளும் நூலை எழுதியவர் என்பதை நம் மாணவர்களுட் பலர் அறியார். அவர் ஒஸ்மண்ட் போபேஆரச்சி. பாரிஸிலுள்ள பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காசுகளுக்கு அவர் செய்த பட்டியல் 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. பட்டியல்தானே என்று அன்பர்கள் அலுத்துக்கொள்ள வேண்டாம். சில வேளைகளில் ஒரு பட்டியல் பத்துச் சரித்திர நூல்களைத் திருத்திவிடும். அத்துறை நூல்களைப் புரட்டும்போது என்னைப் பிடித்து நிறுத்துபவை அழகிய வெள்ளிக் காசுகள் அல்ல; முகம் குழம்பி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அச்சுகளைத் தாங்கி நிற்கும் வெண்கலக் காசுகளே.

யவனர் நமக்குப் புதியவர் அல்லர். சங்கச் சான்றோர் அவர்களைப் பாடினர். அநுராதபுரத்து மகாதூபத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவுக்கு அலசந்தா நகரிலிருந்து யவன மகாதம்மரக்கிதர் முப்பதினாயிரம் பிக்குகளுடன் வந்தார் என்பது மகாவம்சம் கூறும் செய்தி. மிலிந்தன் என்று பாளி நூல் போற்றும் மெனாந்தரும் அவ்வினத்தவரே. ஆனால் பாக்திரியா, காபுல், பஞ்சாப் ஆகிய நிலங்களை ஏறக்குறைய 250 ஆண்டுகள் ஆண்ட இக்கிரேக்க மன்னர் நாற்பதின்மர் வரையில் இருந்தும், நூல்களிற் பெயர் கிடைப்பவர் பத்துப் பேருக்கும் குறைவு. ஏனையோர் தம் காசுகளில் மட்டுமே வாழ்கின்றனர். அக்காசுகளிலோ பெரும்பாலும் ஆண்டுக் குறிப்பு இல்லை. எவர் முன், எவர் பின்?

இங்கேதான் முகம் குழம்பிய காசு சாட்சிக்கு வருகிறது. காசு அடிப்பவன் உலோகத்தை உருக்கி வில்லையாக வார்த்து, அதைச் சூடேற்றி, இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துச் சம்மட்டியால் அடிப்பான். அவசரம் நேர்ந்தால், அல்லது உலோகம் தட்டுப்பட்டால், வார்க்கும் வேலையை விட்டுவிட்டு முந்திய அரசனின் காசையே வில்லையாகக் கொள்வான். செட்டியார் தெருவிற் பத்தர் வேலையை அருகிருந்து பார்த்தோர்க்கு இது எளிதில் விளங்கும். ஓர் அடியிற் பழைய உரு முற்றாக மறைவதில்லை. பள்ளமான இடங்களிலும் ஓரங்களிலும் பழைய எழுத்து ஒன்றோ, ஒரு தெய்வத்தின் காலோ தங்கிவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டு, காசை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது வெறும் கீறலாகத் தோன்றியது தலைகீழாகத் திருப்பியதும் முடியணிந்த தலையாகிவிடும். ஒரே அச்சு நழுவி இருமுறை விழுந்த காசும் இப்படித்தான் தோன்றும். ஆதலால் கண் மட்டும் போதாது, ஐயமும் வேண்டும்.

அப்போலோ தெய்வத்தையும் முக்காலியையும் பொறித்தவன் அப்பல்லோடோட்டசு. அவனுடைய வெண்கலக் காசுகள் சிலவற்றின்மேல் யூக்ரடைடிசு தன் தலையை அடித்தான். மறுபுறத்தில் அரியணையில் அமர்ந்த ஒரு தெய்வத்தை வைத்து, அது கபிசை நகரத்துத் தேவதை எனக் கரோஷ்டி எழுத்தில் எழுதுவித்தான். கபிசை, காபுலுக்கு வடக்கே இன்றைய பெக்ராம் பகுதி. அந்நாடு கைமாறியதை எந்த நூலும் கூறவில்லை. இச்சிறு செம்புத் துண்டு கூறுகிறது.

எனினும் இச்சாட்சி கேளாத கேள்விக்கு விடை சொல்லாது. அகத்தோக்ளியா என்னும் அரசி தன் இளமைந்தன் ஸ்திராத்தோவுடன் சேர்ந்து காசு வெளியிட்டாள். மெனாந்தரின் தேவியாக இருக்கலாம் எனப் பலர் கருதும் அவளது காசுகளின்மேலும், அவள் மகனின் காசுகளின்மேலும் ஹீலியோக்ளிசு என்பவன் தன் அச்சை அடித்திருக்கிறான். இதை விரிவாக எடுத்துக்காட்டியவர் ராப்சன். ஹீலியோக்ளிசு என்ற பெயரில் யூக்ரடைடிசுக்குப் பின் பாக்திரியாவை ஆண்ட மன்னன் ஒருவன் உண்டு. அவனே இவன் என ராப்சனும், 1938இல் பெருநூல் எழுதிய டார்னும் கொண்டனர். உடனே கதை பிறந்தது: பாக்திரிய வேந்தன் மலைகடந்து வந்து, கைம்பெண்ணின் நாட்டைக் கவர்ந்தான்!

பின்வந்த ஆராய்ச்சி வேறு காட்டியது. பாக்திரிய ஹீலியோக்ளிசின் காசுகளில் கிரேக்கம் மட்டுமே உண்டு; எடையும் கிரேக்க முறை. அரசியின் காசின்மேல் அடித்தவனோ ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் கரோஷ்டியும் பொறித்து, இந்திய எடையைக் கையாண்டவன். பட்டறைக் குறிகளையும் சேர்த்துப் பார்த்தபோது இவன் வேறொருவன், இரண்டாம் ஹீலியோக்ளிசு என்பது தெளிவாயிற்று. போபேஆரச்சி இவனைக் கி.மு. 110-100 அளவில் வைக்கிறார். அதாவது முன்னவனுக்கு ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் பின். காசு பொய் சொல்லவில்லை. 'இவளுக்குப் பின் இவன்' என்றது; 'உடனடியாகப் பின்' என்றவர்கள் நாம். முந்தியவர் யார் என்னும் வழக்கு ஓயாத நம் நாட்டில், இந்த இரண்டு சொற்றொடர்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வகுப்பறையில் ஒருமுறை அளந்து காட்டினால் நன்று.

மேலச்சு யாவும் பகையின் அடையாளம் அல்ல. சிசிலித் தீவின் சிறு நகரங்கள் சிரகூசையின் கனத்த வெண்கலக் காசுகளை வில்லையாகக் கொண்டது பெரிதும் வசதி கருதியே. யூதர் கி.பி. 132-135 கிளர்ச்சியில் உரோமரின் காசுகள்மேல் தம் அச்சை அடித்தபோது சினமும் சேர்ந்திருந்தது. நம் தீவில் ஒல்லாந்தக் கம்பெனியார் போர்த்துக்கேயரின் தங்காக் காசுகள்மேல் தம் சிறு முத்திரையை மட்டும் குத்தினர். பழைய உருவை அழிக்க அவர்கள் முயலவில்லை, வணிகர் அல்லவா!

இடைவெளியை அளக்கவும் வழியுண்டு. அதற்கு ஒற்றைக் காசு போதாது, புதையல் வேண்டும். நாசிக்குக்கு அருகே ஜோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த வெள்ளிக் காசுகள் 13,250க்குக் குறையாதவை. யாவும் சக மன்னன் நகபானன் அடித்தவை. அவற்றுள் 9,000க்கும் மேற்பட்டவற்றின்மேல் சாதவாகன வேந்தன் கௌதமிபுத்திர சதகர்ணி தன் மூவளைவு மலைக்குறியையும் உச்சயினிக் குறியையும் அடித்திருந்தான். நகபானனின் குலமாகிய கஹராதத்தை அவன் வேரறுத்தான் என அவனுடைய தாய் கௌதமி பலஸ்ரீ நாசிக்குக் குகையிற் பொறிப்பித்த கல்வெட்டும் கூறுகிறது. தோற்றவனின் காசு இத்தனை ஆயிரம் இன்னும் புழக்கத்தில் இருந்தது என்றால், வென்றவன் வெகுகாலம் பிந்தி வந்தவனாக இருக்க முடியாது. அப்புதையலில் எஞ்சிய ஏறக்குறைய நாலாயிரம் காசுகளுக்கு வென்றவனின் அச்சு வந்து சேரவேயில்லை. அவற்றில் நகபானனின் முகம் அடித்த நாளில் இருந்தபடியே இருக்கிறது.