பாட்டரியின் மின்னியக்கு விசையும் முனை மின்னழுத்தமும்

டிராக்டர் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் கேட்கிறார்: "வோல்ட் மீட்டரில் பாட்டரி 12.6 காட்டுகிறது. ஆயினும் சாவியைத் திருப்பினால் இஞ்சின் முனகி நின்றுவிடுகிறது. பழுது பாட்டரியிலா, ஸ்டார்ட்டர் மோட்டாரிலா?" மீட்டரை நம்பி மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் கூலி வீணாகலாம். ஏனெனில் அந்த மீட்டர் காட்டியது மின்னியக்கு விசையை. இஞ்சினுக்கு வேண்டுவதோ முனை மின்னழுத்தம். இரண்டும் வோல்ட்டிலேயே அளக்கப்படுவதால் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன.

பாட்டரியினுள் ஈயத் தகடுகளுக்கும் அமிலத்துக்கும் இடையே நிகழும் இரசாயன வினை, ஒவ்வோர் அலகு மின்னூட்டத்துக்கும் அளிக்கும் ஆற்றலே மின்னியக்கு விசை. விசை என்பது பழம்பெயரேயன்றி, தள்ளும் விசை அன்று. நன்கு மின்னேற்றிய ஈய மின்கலம் ஒன்றுக்கு அது சுமார் 2.1 வோல்ட், ஆறு கலங்களுக்கு 12.6.

ஆனால் மின்னோட்டம் பாட்டரியின் உள்ளேயும் பாய வேண்டும். தகடுகளும் அமிலமும் அதற்குத் தடை செய்கின்றன. இந்த அகத்தடையைக் கடப்பதில் செலவானது போக எஞ்சுவதே முனைகளில் நமக்குக் கிட்டும் மின்னழுத்தம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாயை எண்ணிப் பாருங்கள். திருகை மூடியிருக்கையில், துருவேறிய குழாயிலும் புதுக் குழாயிலும் நீரின் அழுத்தம் ஒன்றே. திறந்த பின்னரே துருவின் வேலை தெரியும்.

கணக்கையும் பார்ப்போம். நல்ல பாட்டரியின் அகத்தடை 0.01 ஓம் என்க. ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுத்தால் உள்ளே இழப்பு 2 வோல்ட், முனைகளில் 10.6 நிற்கும். இஞ்சின் கிளம்பிவிடும். தகடுகளில் சல்பேட்டு படிந்து அகத்தடை 0.05 ஓம் ஆகிவிட்டால், அதே மோட்டாருக்குச் சுமார் 120 ஆம்பியர்தான் கிட்டும். இழப்பு 6 வோல்ட். எஞ்சுவது ஏறக்குறைய 6½. வோல்ட் மீட்டரோ இழுப்பது மிகச் சொற்ப மின்னோட்டம். அதனால் இழப்பு ஏதுமின்றி, நோயுற்ற பாட்டரியிலும் அது 12.6 காட்டக்கூடும்.

ஆகவே, முழுதும் மின்னேற்றி, சில மணி நேரம் ஓய்வளித்தபின், ஒருவர் சாவியைத் திருப்ப மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது சுமார் 9½ வோல்ட்டுக்குக் கீழே இறங்குமாயின் ஐயம் பாட்டரியின் மேல்தான். (மின்னேற்றும்போது 14 வோல்ட்டுக்கு மேல் காட்டுவதைக் கண்டு மகிழ வேண்டா. மின்னோட்டம் எதிர்த்திசையில் செல்வதால், அகத்தடையின் பங்கு அப்போது கூடுதலாகச் சேர்கிறது.)

புதுப் பாட்டரிக்குப் பணம் கட்டுமுன் இன்னொன்றும் செய்யலாம். மீட்டரின் ஊசிகளை முதலில் ஈய முனைகளின் மேலும், பிறகு அவற்றைக் கவ்வும் கிளாம்புகளின் மேலும் வைத்து, இரு தடவையும் சாவியைத் திருப்பிப் பாருங்கள். முனையில் 10½ நின்று கிளாம்பில் 8 ஆனால் பாட்டரி குற்றமற்றது. இடையில் பூத்த வெண்பச்சைப் படிவே தடை. கம்பிகளைக் கழற்றி வெந்நீராலும் சமையல் சோடாவாலும் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும்.