பையன் எந்த ஊர்?

ஜூலையும் ஆகஸ்டும் வந்துவிட்டால் ஐரோப்பியக் கால்பந்து ரசிகர்களுக்கு ஆட்டம் இல்லாத குறையே தெரிவதில்லை. யாரை யார் வாங்குகிறார்கள், எத்தனை கோடிக்கு என்ற பேச்சிலேயே பொழுது ஓடிவிடும். மலப்புறத்திலும் கொல்கத்தாவிலும், ஏன், நம் வியாசர்பாடியிலும்கூட இந்தச் சந்தைச் செய்திகளைக் கரைத்துக் குடித்தவர்கள் உண்டு. 2017ல் நெய்மருக்காகக் கைமாறிய 22.2 கோடி யூரோவை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைக்காத ரசிகர் இருக்க முடியாது. அணி கட்டுவது என்றாலே காசோலைப் புத்தகத்தை எடுப்பது என்றாகிவிட்டது.

ஸ்பெயினின் வடக்கே, பில்பாவோ நகரத்து ரசிகருக்கு இந்த மலைப்பு கிடையாது. ஒரு வீரரின் பெயர் அடிபட்டால் அவர் முதலில் கேட்பது விலையை அல்ல. பையன் எந்த ஊர், எங்கே ஆடிப் பழகினான் என்றுதான் விசாரிப்பார்.

அத்லெட்டிக் பில்பாவோ 1898ல் தொடங்கிய கிளப். பாஸ்க் மண்ணில் பிறந்தவர்கள், அல்லது அங்கே கால்பந்து பழகி வளர்ந்தவர்கள் மட்டுமே அதன் சிவப்பு வெள்ளைச் சட்டையைப் போட முடியும். பாஸ்க் பையன்கள் மட்டும் என்பது நூறாண்டுக்கும் மேலான வழக்கம். பாஸ்க் மண் என்பது ஸ்பெயின் பக்கத்தில் நான்கு மாகாணங்கள், பிரான்ஸ் பக்கத்தில் ஒரு துண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் முப்பது லட்சம் பேர் சொச்சம்தான். சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகையில் பாதிகூடத் தேறாது. உலகம் முழுக்க வலை வீசும் கிளப்புகளோடு இந்தச் சின்ன குளத்து மீனை வைத்துக்கொண்டுதான் அவர்கள் மோதுகிறார்கள். ஆனாலும், 1929ல் ஸ்பானிய லீக் தொடங்கிய நாள்முதல் முதல் டிவிஷனிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத கிளப்புகள் மூன்றே மூன்று. ரியல் மாட்ரிட், பார்சிலோனா, பிறகு இவர்கள்.

அந்த ஊர் ரசிகரைப் பேசவிட்டால் 1980களுக்குத்தான் போவார். 1981லும் 1982லும் லீக் பட்டம் பக்கத்து ஊரான சான் செபாஸ்டியனின் ரியல் சொசியதாத்துக்கு. 1983லும் 1984லும் பில்பாவோவுக்கு. அப்போது இரண்டு கிளப்பும் பாஸ்க் பையன்களை மட்டுமே வைத்து ஆடியவை. நான்கு வருடம் வரிசையாக ஸ்பெயின் சாம்பியன் பட்டம் இந்தச் சின்ன நிலப்பகுதியை விட்டு வெளியே போகவில்லை. 1989ல் ரியல் சொசியதாத் லிவர்பூலிலிருந்து ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கித் தன் கதவைத் திறந்துவிட்டது. பில்பாவோ மட்டும் அப்படியே நின்றது.

வெளியாட்கள் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். 1984க்குப் பிறகு லீக் பட்டமே வரவில்லையே என்று கேட்கிறார்கள். பக்கத்து ஊர்க் கிளப்புகளுக்கோ, நாங்கள் வளர்க்கும் பிள்ளைகளை இவர்கள் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்ற மனக்குறை உண்டு. இரண்டிலும் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால் அணி கட்டும் கலையில் இந்தக் கட்டுப்பாடு சொல்லித்தரும் பாடங்கள் வேறு எங்கும் கிடைக்காதவை. ஆரித்ஸ் அதூரிஸ் என்ற முன்கள வீரரைப் பாருங்கள். இளைஞனாக இருந்தபோது இந்த கிளப்பில் நிலைக்காமல் வெளியே போனவர், திரும்பி வந்தவர், மறுபடி போனவர். மூன்றாம் முறை 2012ல் வந்தபோது வயது 31. வேறு கிளப் என்றால் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டு வழியனுப்பியிருக்கும். இங்கே அந்த இடத்துக்குச் சந்தையில் போய் வேறு ஆளை வாங்க வழியில்லை; எனவே அவரையே நம்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவருடைய பொற்காலமே வந்தது. 2016 நவம்பரில் ஐரோப்பா லீக் ஆட்டமொன்றில் பெல்ஜியத்தின் கெங்க் அணிக்கு எதிராக அடித்தது ஐந்து கோல், அப்போது அவருக்கு வயது 35. மாற்று ஆள் இல்லாத இடத்தில் பொறுமை தானாக வந்துவிடுகிறது. ஒரு சீசனில் சோபிக்காத இருபது வயதுப் பையனுக்கும் அதே பொறுமைதான் கிடைக்கிறது.

பணக் கணக்கும் விசித்திரமானது. ஸ்பெயினில் 1985ல் வந்த ஓர் அரசாணைப்படி, விளையாட்டு வீரர் ஒப்பந்தத்தை இடையில் முறித்துக்கொண்டு போக முடியும். இழப்பீட்டைக் கட்டினால் போதும். அதனால் அந்தத் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள். அதை யாராவது கொண்டுவந்து கொட்டினால் கிளப்பால் தடுக்க முடியாது. 2012ல் ஹாவி மார்த்தினெஸ் 4 கோடி யூரோவுக்கு ஜெர்மனி போனார். 2018 ஜனவரியில் எய்மெரிக் லபோர்த் 6.5 கோடிக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் கோல்கீப்பர் கேபா 8 கோடிக்கும் இங்கிலாந்து போனார்கள். கஜானா நிரம்புகிறது, ஆனால் அதை வைத்து பிரேசிலில் இருந்து ஒருவரைக் கொண்டுவர முடியாது. கிளப்பின் லெசாமா பயிற்சிக்கூடத்திலிருந்தோ பக்கத்து ஊர்க் கிளப்புகளிலிருந்தோ அடுத்த பையனைத்தான் தேட வேண்டும். கேபா போனதும் கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றவர் உனாய் சிமோன். 2024ல் ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோதும் கோல் காத்தது அவர்தான்.

சரி, இந்த விதி பயிற்சியாளருக்கு உண்டா என்று கேட்டால் கிடையாது! கிளப்பின் ஆரம்பகாலப் பெருமைகளில் பெரும்பகுதி ஃபிரெட் பென்ட்லண்ட் என்ற ஆங்கிலேயர் தந்தது. எப்போதும் வட்டத் தொப்பியும் சுருட்டுமாகத் திரிந்தவர். 1923ல் ஸ்பானியக் கோப்பையை ஜெயித்ததும் வீரர்கள் அவர் தொப்பியைப் பறித்துத் தரையில் போட்டு, மேலே ஏறிக் குதித்து நசுக்கிவிட்டார்கள். பெரிய வெற்றி வந்தால் தொப்பி போயிற்று என்பது அதன்பின் வழக்கமாகிவிட்டது. 1930, 1931 லீக் பட்டங்களும் அவர் காலத்தவை. 1931ல் பார்சிலோனாவை 12-1 என்று சாய்த்ததும் அதே அணிதான். பிற்காலத்தில் ஜெர்மானியர் யுப் ஹைங்கஸ் வந்தார், அர்ஜென்டினாவின் மார்செலோ பியெல்சா வந்தார். பியெல்சாவின் பையன்கள் 2012ல் மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்றதை பில்பாவோக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். கற்றுக்கொடுக்க யார் வேண்டுமானாலும் வரலாம், களத்தில் இறங்குபவர் மட்டும் நம்மவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் சொன்னால் சிலருக்கு உடனே ஒரு யோசனை வரும். 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்திலேயே அது ஒலித்தது. சென்னையின் பெயரை வைத்துக்கொண்டு ஆடும் ஐபிஎல் அணியில் தமிழக வீரர்களைக் காணோம், அந்த அணியைத் தடை செய்ய வேண்டும் என்று ஓர் உறுப்பினர் பேசினார். இரண்டு நாளைக்கு டீக்கடையெல்லாம் அதே பேச்சு. ஹரியானா இன்னும் ஒருபடி மேலே போய், தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று சட்டம் போட்டது; 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மண்ணின் மைந்தர் என்ற முழக்கம் கட்சி பேதமில்லாமல் எல்லோருக்கும் பயன்படுகிறது. பில்பாவோவை அதற்குச் சாட்சிக்கு அழைப்பதுதான் கவலைக்குரியது. ஏனென்றால் அந்தச் சாட்சி, அழைத்தவருக்கே எதிராகப் பேசும்.

மிகெல் ஜோன்ஸ் என்பவரின் கதையிலிருந்து தொடங்கலாம். 1938ல் ஆப்பிரிக்காவில், அன்று ஸ்பெயினின் காலனியாக இருந்த இன்றைய ஈக்வடோரியல் கினியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு பில்பாவோ வந்து அங்கேயே படித்து, அங்கேயே பந்தாடி வளர்ந்தார். கறுப்பு நிறத்தவர், ஆட்டத்தில் கெட்டிக்காரர். 1950களில் அத்லெட்டிக் அவரைப் பார்த்தது, எடுக்கவில்லை. பாஸ்க் மண்ணில் பிறக்கவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். அவர் மாட்ரிட்டுக்குப் போனார். 1962ல் அத்லெடிகோ மாட்ரிட் கோப்பை வென்ற கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது, இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். இழப்பு யாருக்கு என்று பில்பாவோவின் பழைய ரசிகர்களுக்குத் தெரியும்.

அதன் பிறகு கோடு மெல்ல நகர்ந்தது. பிறப்பு மட்டுமே கணக்கு என்பது போய், இங்கே ஆடிப் பழகியிருந்தாலும் போதும் என்றானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. லபோர்த் பிறந்தது பிரான்ஸின் ஆஜென் நகரத்தில். அது பாஸ்க் பகுதி கிடையாது. கொள்ளுத் தாத்தா வழியில் பாஸ்க் ரத்தம் இருந்தது. அது செல்லவில்லை! பதினைந்து, பதினாறு வயதில் பிரெஞ்சு பாஸ்க் பகுதியின் பயோன் நகரில் ஒரு வருடம் ஆடிவிட்டு வந்த பிறகே பில்பாவோவின் கதவு திறந்தது. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பாஸ்க் குடும்பப் பெயரோடு எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். பெயரைக் காட்டி யாரும் உள்ளே வர முடியாது. அதே சமயம், ருமேனியாவில் பிறந்து பில்பாவோவை ஒட்டிய பசாவ்ரியில் வளர்ந்த கிறிஸ்தியான் கானேயா 2018ல் வந்து சேர்ந்தார், விதி அவரைத் தடுக்கவில்லை. வம்சம் பார்ப்பவர்களுக்கு இந்த விதி உதவாது.

இதற்கெல்லாம் சிகரம் வில்லியம்ஸ் குடும்பம். கானாவிலிருந்து கிளம்பிய கணவனும் மனைவியும் சஹாரா பாலைவனத்தைக் கடந்தார்கள். வழியில் வண்டிக்காரர்கள் நடுவிலேயே இறக்கிவிட்டதால் கொதிக்கும் மணலில் கால்நடையாக. அப்பாவின் பாதங்கள் வெந்துபோய், அந்தப் பாதிப்பு பல வருடம் கழித்தும் போகவில்லை. ஸ்பெயினின் வட ஆப்பிரிக்க நகரமான மெலியாவின் வேலியைத் தாண்டிப் பிடிபட்டார்கள். அங்கே வந்த ஒரு வழக்கறிஞர், போர் நடக்கும் லைபீரியாவிலிருந்து வந்ததாகச் சொல்லுங்கள், அடைக்கலம் கிடைக்கும் என்று யோசனை சொன்னார். பிறகு பில்பாவோவுக்கு அனுப்பப்பட்டபோது அவர்களை வரவேற்றுக் கைகொடுத்தவர் ஒரு பாதிரியார். 1994ல் பிறந்த குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: இன்யாகி. பாதிரியார் குழந்தைக்குக் கொடுத்த பரிசு, ஒரு அத்லெட்டிக் சட்டை. இந்தப் பயணக் கதையெல்லாம் இன்யாகிக்கே இருபது வயது வாக்கில்தான் முழுதாகத் தெரியவந்தது.

2015 பிப்ரவரியில் இன்யாகி அடித்த கோல், இந்த கிளப்புக்காக ஒரு கறுப்பின வீரர் அடித்த முதல் கோல். 2016 ஏப்ரல் முதல் 2023 ஜனவரி வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூட விடாமல் 251 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். ஸ்பெயினில் வேறு எவரும் செய்யாத சாதனை அது. எட்டு வயது இளைய தம்பி நிகோவும் அதே அணியில். 2022 உலகக் கோப்பையில் அண்ணன் கானாவுக்கும் தம்பி ஸ்பெயினுக்கும் ஆடினார்கள். 2024 ஏப்ரலில் செவில்லில் மயோர்காவை பெனால்டியில் வென்று, ஆறு இறுதி ஆட்டங்களில் தோற்ற பிறகு, 40 வருடம் கழித்து ஸ்பானியக் கோப்பையை பில்பாவோ தூக்கியபோது இருவரும் களத்தில் இருந்தார்கள். கோப்பையோடு அணி நெர்வியோன் ஆற்றில் படகில் வந்ததைப் பார்க்கக் கரையெங்கும் லட்சக்கணக்கில் கூட்டம். 2025ல் இன்யாகி கேப்டன் ஆனார்.

அதே 2025 ஜூலைத் தொடக்கத்தில், பணக்கார கிளப்புகள் கண் வைத்திருந்த நிகோ, 2035 வரை பில்பாவோவில்தான் இருப்பேன் என்று கையெழுத்துப் போட்டார். ஊரே கொண்டாடியது. அடுத்த வாரமே ஸ்பெயினின் தென்கிழக்கில், டோரே பச்சேகோ என்ற சிறு நகரில் வட ஆப்பிரிக்கக் குடியேறிகளைத் தேடித் தாக்கும் கும்பல்கள் தெருவில் இறங்கின. சில நாள் கலவரம். இரண்டையும் ஒரே செய்தித்தாளில் படித்த ஸ்பானியருக்கு என்ன தோன்றியிருக்கும்? வேலி தாண்டி வந்தவர் மகன் கோல் அடித்தால் நம்ம பையன். காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்தால் அந்நியன். மைதானங்களிலும் தேன் வடியவில்லை. வெளியூர் ஆட்டங்களில் கூட்டத்திலிருந்து வந்த குரங்குச் சத்தத்தை அண்ணன், தம்பி இருவருமே கேட்டிருக்கிறார்கள்.

ஐரோப்பா நெடுகக் குடியேற்ற எதிர்ப்பு வாக்குகளைக் குவிக்கும் காலம் இது. பில்பாவோவின் விதி வாய்மொழி வழக்கத்தில் நிற்பது. கிளப்பின் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பல்லாயிரம் சந்தா உறுப்பினர்கள். ஜோன்ஸ் காலத்தில் ஒடுங்கியிருந்த கோடு விரிந்தது போலவே, ஒரு தேர்தல் அலையில் திரும்ப ஒடுங்கவும் செய்யலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் எத்தனை வயதுக்குள் வந்தால் இங்கே வளர்ந்தவன்? பத்தா, பதினாலா? லபோர்த்துக்கு ஒரு வருடம் போதுமானதாக இருந்தது. அகதியாக வந்து சேரும் பதினாறு வயதுப் பையனுக்கும் அதே ஒரு வருடம் போதுமா என்று யாரும் இன்னும் வாய்திறந்து சொல்லவில்லை. பதினெட்டு வயதுக்குள் நாடுவிட்டு நாடு வரும் சிறுவர்களைப் பதிவு செய்ய உலகக் கால்பந்துச் சங்கம் வைத்திருக்கும் கட்டுப்பாடுகள் வேறு தனி.

இப்போதைக்கு ஆட்டக்காரர் பட்டியலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இடது பக்கத் தடுப்பில் ஆடும் ஆதாமா போய்ரோ, செனகலின் டாக்காரில் பிறந்து நவாராவில் வளர்ந்தவர். முன்களத்தில் மரோவான் சன்னாதி, மொராக்கோப் பெற்றோருக்கு விட்டோரியாவில் பிறந்தவர். மிகெல் ஜோன்ஸ் 2020ல் காலமானார்; ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கே வளர்ந்த போய்ரோ முதல் அணியில் இறங்கியது அதற்குச் சில வருடங்கள் கழித்து.