நாவல் எழுத நேரம் ஏது?

"பாடம் படிக்கவே பொழுது போதவில்லை, நாவல் எழுத நேரம் ஏது?" என்று நம்மில் பலர் ஏங்குகிறோம். அலுவல் பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதிய ஒருவரைப் பற்றி அறிந்துகொள்வோம்.

அவர் இங்கிலாந்து நாட்டு எழுத்தாளர் ஆந்தனி டிராலப் (1815–1882). 1834 முதல் 1867 வரை தபால் இலாகாவில் பணியாற்றியவர். காலை 5.30 மணிக்கே எழுத உட்கார்ந்துவிடுவது அவர் வழக்கம். முதல் அரைமணி நேரம், முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பார்ப்பார். நடையின் ஓசை காதில் நின்றால்தானே அடுத்த வரி இடறாமல் வரும்! பின்பு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். அன்றன்று எழுதிய பக்கங்களின் கணக்கை நாட்குறிப்பில் பதிவார். சோம்பியிருந்த நாளை அக்குறிப்பே காட்டிக்கொடுத்துவிடும். இரயில் பயணத்திலும் பென்சிலால் எழுதினார். பிறர் நூல்களையும் அவர் விடவில்லை. பழைய ஆங்கில நாடகங்களைப் படித்து, தம் கருத்தை அந்தந்த நூலிலேயே குறித்து வைத்தார். அவர் எழுதிய நாவல்கள் 47!

நமக்கோ பொதுத்தேர்வு காத்திருக்கிறது. அது முடியட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் ஆசையே ஆறிப்போகும். நாளுக்கு 100 சொற்கள் எழுதினால் போதும். ஓராண்டில் 36,500 சொற்கள் சேரும். அது ஒரு குறுநாவலின் அளவு. அதற்குக் கால்மணி நேரமும், ஒரு நோட்டுப் புத்தகமும், பக்கக் கணக்கும் இருந்தால் போதும். பாடமும் கெடாது; பெற்றோரும் கவலைப்படார்.

தோழியரே, அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமன்றோ! இன்றே தொடங்குவோம்.