குழந்தைகளின் கடலை ஒவ்வாமையைக் கண்டறிதல்

கடலை விளையும் மண்ணில்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டாரத்துச் செம்மண் நிலங்களில் நிலக்கடலை நெடுங்காலமாகப் பயிராகி வருவதாலும், அதே மாவட்டத்து ஆதனக்கோட்டையில் முந்திரி வறுத்து விற்பது குடும்பத் தொழிலாக நிலைபெற்றிருப்பதாலும், இவ்விரண்டையும் உண்ணாமல் வளரும் குழந்தை இப்பகுதியில் அரிது. இத்தகைய ஊரில், ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு அது இருப்பதாகச் சொல்லிவிடுவது எளிய குடும்பத்தின் மலிவான புரதத்தைப் பறிப்பதாகும். இருப்பதைக் கவனியாமல் விடுவதோ உயிரிழப்பில் முடியக்கூடும்.

ஒவ்வாமையின் இயல்பு

கடலையிலுள்ள புரதத்தைப் பகைப்பொருளாகக் கொண்டு உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு 'ஐ.ஜி.இ.' என்னும் எதிர்ப்பொருளை உருவாக்குவதே இவ்வொவ்வாமைக்கு அடிப்படை. நிலக்கடலை பயறுக் குடும்பத்தையும் முந்திரி மரக்கொட்டை வகையையும் சேர்ந்தவை என்பதால், ஒன்று ஒவ்வாத குழந்தைக்கு மற்றதும் ஒவ்வாது என முடிவுசெய்யாமல் தனித்தனியே ஆராய வேண்டும். ஆனால் முந்திரிக்கும் பிஸ்தாவுக்கும் புரத ஒற்றுமை மிகுதி.

பெற்றோர் கூறும் விவரம்

நோயறிதலின் முதன்மையான கருவி, குழந்தை எதை, எவ்வளவு உண்டது, எத்தனை நிமிடத்தில் என்ன நேர்ந்தது என்னும் விவரமே. உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் அரிப்புடன் கூடிய தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, இளைப்பு ஆகியன தோன்றி, மறுமுறை உண்ணும்போதும் அவ்வாறே நிகழுமாயின் ஐயம் வலுக்கிறது. வறுத்தலால் கடலைப் புரதத்தின் ஒவ்வாமைத் திறன் கூடுவதும் அவித்தலால் குறைவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளமையால், கடலை சமைக்கப்பட்ட முறையையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். திடீரெனத் தோன்றும் தடிப்பைக் 'காணாக்கடி' என்று பூச்சியின்மேல் ஏற்றிவிடும் வழக்கத்தால், அதற்குமுன் குழந்தை உண்டது என்ன என்ற கேள்வியே பல வீடுகளில் எழாமற்போவது வருந்தத்தக்கது.

தோல் சோதனையும் குருதிச் சோதனையும்

குத்துச் சோதனையில், ஒவ்வாமைப் பொருளின் ஒரு துளியைத் தோலில் இட்டு மெல்லக் குத்தி, 15 முதல் 20 நிமிடம் கழித்து எழும் தடிப்பை அளக்கின்றனர். ஒப்பீட்டுக்காக உப்புநீர் இட்டுக் குத்திய இடத்துத் தடிப்பைவிட அது 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெரிதாயின் அப்பொருளுக்கு எதிர்ப்பொருள் உண்டு எனக் கொள்வர். ஒவ்வாமைத் தடுப்பு மாத்திரைகள் முடிவை மறைக்குமாதலின், மருத்துவர் சொற்படி அவற்றைச் சில நாள் முன்னரே நிறுத்த வேண்டும். குருதிச் சோதனை அதே எதிர்ப்பொருளை அளப்பது. அதில் 'அரா எச் 2' என்னும் கடலைப் புரதத்துக்குரிய அளவு உயர்ந்திருப்பின் உண்மையான ஒவ்வாமைக்கு வாய்ப்பு மிகுதி.

எனினும் எதிர்ப்பொருள் இருப்பதும் ஒவ்வாமை இருப்பதும் ஒன்றல்ல. கர்நாடகப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், எதிர்ப்பொருள் உடையோர் பன்மடங்கு இருந்தும், உணவு ஒவ்வாமை உடையோர் 0.14 விழுக்காட்டினரே. ஆகவே அறிகுறியே இல்லாத குழந்தைக்குப் பல உணவுகளுக்கான சோதனையை மொத்தமாகச் செய்து, தாளில் கண்டதையெல்லாம் விலக்குவது தவறு. 'ஐ.ஜி.ஜி.' என்னும் வேறோர் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனையோ ஒவ்வாமையைக் காட்டுவதே இல்லை.

உண்ணச் செய்து உறுதிப்படுத்தல்

ஐயம் தீராதபோது, மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கடலையை உண்ணச் செய்து கவனிக்கும் முறையே இறுதியானது. மூச்சுத்திணறலும் குருதியழுத்த வீழ்ச்சியும் நேரக்கூடுமாதலின், அட்ரினலின் ஊசி ஆயத்தமாக உள்ள மருத்துவமனையில் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும், வீட்டில் முயலலாகாது. கடலை ஒவ்வாமை உறுதியான குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது வளர வளர நீங்கிவிடுவதால், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மறுசோதனையும் தேவை.