அரிவாள் செல் நோய்: ‘குப்பை’ டி.என்.ஏ.வில் கிடைத்த வழி

மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்வதற்கான குறிப்பு அதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதியை நெடுங்காலம் ‘குப்பை’ என்றார்கள். அது முழுவதற்கும் வேலை உண்டு என்று இன்றும் சொல்வதற்கில்லை. ஆனால், எந்த மரபணு எந்த செல்லில், எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்று ஆணையிடும் துண்டுகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. ஆரணிப் பட்டுத் தறிகளின் ஜக்கார்டு அட்டை சேலையில் சேர்வதில்லை. எந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்பதை அதன் துளைகளே தீர்மானிக்கின்றன. இத்துண்டுகளும் அப்படித்தான். அரிவாள் செல் நோய்க்கு வழி கிடைத்ததும் இப்படியொரு துண்டில்தான்.

நீலகிரியில் என்ன நோய்?

நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பது 1952இல் பதிவானது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதே காரணம். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால், சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும்.

வழி எங்கே கிடைத்தது?

கருவிலுள்ள குழந்தையை இந்நோய் தாக்குவதில்லை. அப்போது உருவாவது கருக்கால ஹீமோகுளோபின் என்ற வேறொரு வகை. பிறந்த சில மாதங்களில் பிசிஎல்11ஏ என்ற புரதம் அதை அடக்கிவிடுகிறது. ஆய்வாளர்கள் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்க்கின் ஆகியோரின் குழு 2008இல் இதைக் கண்டறிந்தது. ஆனால், மூளைக்கும் நோய் எதிர்ப்புக்கும் அந்தப் புரதம் தேவை. எனவே, அதை உருவாக்கும் மரபணுவையே முடக்க முடியாது. டேனியல் பாயர், ஆர்க்கின் குழுவினர் 2013இல் அதன் உள்ளேயே, புரதக் குறிப்பு இல்லாத பகுதியில், சிவப்பணு மரபில் மட்டும் அதை முடுக்கும் துண்டைக் கண்டார்கள். நோயாளியின் ரத்த மூலசெல்களில் அத்துண்டை வெட்டிச் சிதைக்கும் ‘காஸ்ஜெவி’ சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. நோய்க்குக் காரணமான எழுத்தை அது தொடுவதே இல்லை; கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் உருவாகச் செய்கிறது.

இயற்கையும் இதே வழியில் போயிருக்கிறது. இந்திய நோயாளிகள் பலரிடம், கருக்கால ஹீமோகுளோபினுக்கான காமா குளோபின் மரபணு தொடங்குவதற்கு 158 எழுத்துகள் முன்னால் உள்ள ஒரு மாற்றம் அந்த ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது.

மலைக்கிராமத்துக்கு எப்போது?

காஸ்ஜெவிக்கு 2023இல் அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். அதே கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டும் ஹைட்ராக்சியூரியா மாத்திரையோ மலிவானது. 2047க்குள் நோயை ஒழிக்க 2023இல் தேசிய இயக்கம் தொடங்கிய அரசு, ரத்தப் பரிசோதனையும் இந்த மாத்திரையும் தடையின்றிக் கிடைப்பதை ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பிலும் உறுதிசெய்ய வேண்டும். புதிய சிகிச்சையின் விலை இறங்கும்வரை அம்மக்களைக் காத்திருக்க வைப்பது அநீதி.